கேட் மூடுவதற்குள்

இப்போதெல்லாம் எந்தத் தொடரைப் போட்டாலும், தொடக்கப் பாட்டு வந்த சில விநாடிகளில் திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம் வந்து நிற்கிறது. இதைத் தாண்டிப் போகட்டுமா என்று கேட்கிறது. என் பிள்ளைகளுக்குக் கை பரபரக்கும். யார் கதாநாயகன், யார் வில்லன், இது சிரிக்க வைக்கப் போகிற கதையா அழ வைக்கப் போகிற கதையா என்று எவனோ ஒருவன் மெனக்கெட்டு ஒன்றரை நிமிடத்தில் சொல்லியிருப்பான். இவர்கள் ஒரே அமுக்கில் தாண்டிவிடுவார்கள். வேலை முடிந்து வந்து நாற்காலியில் விழுந்து கிடக்கும் எனக்கு, விடுங்கடா, அது பாட்டுக்கு ஓடட்டும் என்று சொல்வதற்குக்கூட அலுப்பாக இருக்கிறது. என் அம்மா ஒரு தொடரை அந்த ஒன்றரை நிமிடத்தில் மட்டுமே பார்த்தவள் என்று சொன்னால் இவர்கள் நம்பப் போவதில்லை.

அப்போது நாங்கள் பாச்சாங்கில் ஒரு மலிவு விலை ஃபிளாட்டின் மூன்றாவது மாடியில் இருந்தோம். அப்பா மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அங்கேயே தங்கிவிட்டுச் சனிக்கிழமை வருவார், வந்ததும் தூங்குவார். அம்மாவுக்குக் கிலாங்கில் இரவு ஷிப்ட். தொழிற்சாலை என்று பாடப் புத்தகம் சொன்னதைத்தான் எங்கள் வீட்டில் கிலாங் என்போம். சாயங்காலம் இருட்டுவதற்கு முன் கிலாங் பஸ் முச்சந்திக்கு வந்து ஹார்ன் அடிக்கும். காலையில் அம்மா திரும்பி வரும்போது நானும் அக்காவும் பள்ளிக்கூடம் போயிருப்போம். நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு. அக்கா இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம். அந்த வருடம் அவளுக்கு எஸ்பிஎம் என்கிற பள்ளியிறுதித் தேர்வு.

ஆறரை மணிக்கு டிவியில் அந்தத் தொடர் வரும். ஐந்தாம் படிவம் படிக்கிற ஐந்து பேரைப் பற்றிய கதை. நம் ஊர்ப் பிள்ளைகளே நம் ஊர்த் தமிழில் பேசி நடித்தார்கள் என்பதால் ஃபிளாட் முழுக்க அதே சத்தம்தான் கேட்கும். அம்மாவால் பாட்டை மட்டும்தான் பார்க்க முடியும். பாட்டு முடிந்து தலைப்பு விழுந்ததும் இறங்கி நடந்தால் பஸ்ஸுக்குச் சரியாக இருக்கும். அதனால் நீல யூனிபார்மைப் போட்டுக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு காலில் சப்பாத்தும் இன்னொரு சப்பாத்து கையிலுமாக ஹால் நடுவில் நின்றுகொண்டே பார்ப்பாள்.

பாட்டில் முதலில் பள்ளிக்கூட மணி அடிக்கும். காவலாளி கேட்டை இழுத்து மூடத் தொடங்குவார். ஐந்து பேரும் ஐந்து பக்கமிருந்து ஓடி வருவார்கள். ஒவ்வொருவராகப் படம் அப்படியே உறைந்து நிற்க, பக்கத்தில் நடிப்பவரின் பெயர் வரும். அம்மா இதைப் பார்த்தே ஜாதகம் கணித்துவிடுவாள்.

“பந்தச் சுத்திக்கிட்டே வர்றான் பாரு, இவன்தான் ஹீரோ. வாயில ரொட்டியோட ஓடுறானே குண்டுப் பையன், அவன் சிரிக்க வைக்க. கார்லேருந்து எறங்கி முடிய ஒதறிவிட்டா, அப்ப பணக்காரி, கடைசில இவளுக்குப் புத்தி வரும். கண்ணாடிக்காரன் நல்லாப் படிப்பான், ஒருத்தரும் மதிக்க மாட்டாங்க. இவ்ளோதான்லா கதை. மிச்சத்த நாளைக்கு நீ சொல்லு.”

மறுநாள் மாலை நான்கு மணிக்கு அம்மா தூங்கி எழுந்ததும் நான் மிச்சத்தைச் சொல்வேன். அம்மா கணித்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஒரு பெயரே கிடைத்திருந்தது. முழுக் கதையையும் பார்த்த பிள்ளைகளுக்குத் தெரியாதது, ஒன்றரை நிமிடம் பார்த்த என் அம்மாவுக்குத் தெரிகிறது என்றால் பெருமையாக இருக்காதா?

ஐந்தாவதாக வருகிற பெண் விஷயத்தில்தான் அம்மாவின் சாமர்த்தியம் எடுபடவில்லை. அவள் சப்பாத்துக் கயிறு கட்டிவிட்டு நிமிர்வதற்குள் மற்ற நால்வரும் உள்ளே போயிருப்பார்கள். புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வருவாள். கேட் பாதிக்கு மேல் மூடியிருக்கும். அவளுடைய ஒரு கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலுமாகப் படம் உறையும். அதே நேரம் தொடரின் தலைப்பு பெரிய எழுத்தில் அவள் முகத்தின் மேலேயே வந்து விழும். அதோடு பாட்டு முடிந்தது.

“உள்ள போனாளா இல்லையா?” என்று அம்மா இரண்டாவது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே கேட்பாள்.

“அது பாட்டும்மா. தெனமும் அதேதான் வரும்.”

“தெனமும்தான் லேட்டா வர்றா. ஒரு நாளாச்சும் உள்ள விட்டாங்களான்னுதான் கேட்டேன்.”

கதையில் அந்தப் பெண்ணுக்குப் பெரிதாக வேலை இல்லை. கூட்டத்தோடு நிற்பாள், யாராவது அழுதால் தோளைத் தொடுவாள். நான் சொல்லும் மிச்சக் கதையில் அவள் வரவே மாட்டாள். அம்மா விடமாட்டாள். அவ என்னா ஆனா, அவளப் பத்திச் சொல்லு என்பாள். எனக்கு அலுப்பாக வரும்.

பள்ளி விடுமுறை முடிந்து தொடர் திரும்பி வந்தபோது பாட்டை மாற்றியிருந்தார்கள். அதே மெட்டுதான், ஆனால் மெதுவாகப் பாடினார்கள். பளிச்சென்றிருந்த நிறமெல்லாம் வெளுத்து நீலம் பாய்ந்திருந்தது. பந்துக்காரன் பந்தில்லாமல் வந்தான். குண்டுப் பையன் சிரிக்கவில்லை. கடைசிப் பெண் ஓடி வரும்போது ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மோட்டார் நின்றது. அதில் தலைக்கவசம் போட்ட ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவள் கேட்டைப் பார்க்காமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே படம் உறைந்தது.

“போச்சு,” என்றாள் அம்மா. “கலரயே மாத்திட்டான். இனிமே காதல், அழுக, ஆஸ்பத்திரி. இந்தப் பொண்ணு கேட்டுக்குள்ள போகப் போறதில்ல.” அன்று அவள் பஸ்ஸுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் இறங்கினாள்.

அடுத்த வாரம் எனக்குக் காய்ச்சல். காலையில் அக்கா என்னைப் பக்கத்து வீட்டில் படுக்க வைத்து, அம்மா வரும் வரை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வெளிர்நீலப் பினஃபோர் சீருடையில் அவசரமாகப் படியிறங்கிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அம்மா வந்தாள். முகம் கறுத்திருந்தது. கீழே சாமான் கடை வைத்திருந்த, நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன், அவள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லியிருக்கிறார். அவர் வேனில் கடற்கரைப் பக்கம் கிளேபாங் கடைகளுக்குச் சரக்குப் போடுகிறவர். அந்த மனிதர் கோள் சொல்லத் தெரியாதவர் என்பதால் அம்மாவுக்கு இன்னும் பயமாகிவிட்டது.

“தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க. மூத்த புள்ளய ரெண்டு தரம் கிளேபாங்ல பாத்தேன். பள்ளிக்கூட நேரம், பள்ளிக்கூட உடுப்பு. ஒரு தரம்னா நான் சொல்லியிருக்க மாட்டேன்லா.”

இதை அம்மா பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் சொன்னதை நான் போர்வைக்குள்ளிருந்து கேட்டேன். அம்மா பள்ளிக்கூட ஆபிசுக்குப் போன் அடித்தாள். இன்று வரவில்லை, போன வாரமும் இரண்டு நாள் வரவில்லை என்றார்கள்.

அம்மா யோசிக்கவே இல்லை. அந்தப் பாட்டின் கலரை மாற்றியவன் அவளுக்கு ஏற்கெனவே எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். “மோட்டார்க்காரன் எவனோ இருக்கான்,” என்றாள் ஆன்ட்டியிடம். “கையும் களவுமாப் புடிக்கிறேன். அவன்கூடத்தான் சுத்துறான்னா இன்னிக்கோட படிப்ப நிறுத்திர்றேன். பரிச்சயும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்கே எங்கூடக் கிலாங்குக்கு வரட்டும். சூப்பர்வைசர்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும், இப்பவே ஆள் எடுக்குறாங்க.” அம்மா சொன்னால் செய்வாள். அது எனக்கும் தெரியும், ஆன்ட்டிக்கும் தெரியும். ஆன்ட்டி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்ததால் என்னை விட்டுவிட்டுப் போக வழியில்லை. அம்மா யூனிபார்மைக்கூட மாற்றாமல், எனக்குத் தலையில் ஒரு துண்டைச் சுற்றி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். தொடரில் நடப்பது எங்கள் வீட்டிலேயே நடக்கிறது. மோட்டார்க்காரன் தலைக்கவசத்தைக் கழற்றுவான், அம்மா அறைவாள், அக்கா அழுவாள், நான் நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்வேன். காய்ச்சல் அடிக்கிற உடம்புக்கு இது போதுமான மருந்தாக இருந்தது.

கிளேபாங் போகிற டவுன் பஸ் வந்தது. அந்த வழியில் ஓடியதே இரண்டு பஸ்தான். அம்மா முன்னால் ஓட்டுநருக்குப் பின்புறம் உட்கார்ந்து, வழியில் போகும் மோட்டார்களையெல்லாம் வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தாள். கண் சிவந்து கிடந்தது. நான் இருக்கையில் முழங்காலிட்டுப் பின்பக்கம் திரும்பினேன். கூட்டம் இல்லை. ஒரு மலாய்க்காரப் பாட்டி காய்கறிக் கூடையோடு இருந்தாள். கடைசி இருக்கையில் ஜன்னலில் தலை முட்டி முட்டி எழ, வாயைப் பிளந்துகொண்டு, வெளிர்நீலப் பினஃபோரில் ஒருத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அக்கா.”

“எங்க? எந்த மோட்டார்ல?”

“இங்கதாம்மா. பின்னால.”

அம்மா எழுந்தாள். பஸ் ஆடிய ஆட்டத்தில் கம்பியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனாள். நானும் ஓடினேன். அக்காவின் பக்கத்திலும் யாரும் இல்லை, முன்னாலும் இல்லை. மடியில் புத்தகப்பை, அதன் வாரை இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்திருந்தாள். எச்சில் ஒழுகிக் காலரில் ஒரு பொட்டு நனைந்திருந்தது. அம்மா அறைவதற்காகக் கையை ஓங்கியதை நான் பார்த்தேன். ஓங்கிய கை அப்படியே நின்றது. பிறகு அம்மா அந்தக் கையால் இருக்கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எழும்பட்டும், கேட்டுக்குறேன் என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

அக்கா எழவில்லை. அம்மா காத்திருந்தாள். ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த உடம்பு. ஜன்னல் வழியாக வெயில் இதமாக வந்தது. முதலில் அம்மாவின் தலை முன்னால் சரிந்தது, பிறகு பக்கவாட்டில் சரிந்தது, கடைசியில் அக்காவின் தோளில் போய் நின்றது. இரண்டு பேரும் ஒரே மாதிரி வாயைத் திறந்துகொண்டு தூங்கினார்கள்.

பஸ் கடைசி நிறுத்தத்தில் நின்றது. ஓட்டுநர் ஒரு வயதான மலாய்க்காரர். அவர் எழுந்து பின்னால் வந்து பார்த்தார். எங்கே இறங்க வேண்டும் என்று மலாயில் என்னைக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. இது என் அம்மா, அது என் அக்கா என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டினார். இந்தப் பெண் இப்படித்தான், ஏறியதும் தூங்கிவிடுவாள், பள்ளி விடும் நேரத்துக்கு நான் எழுப்பிவிடுவேன் என்றார். நான் அம்மாவை உலுக்கப் போனேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“பியார்லா, அடிக். டியா பெனாட்.”

விடு பாப்பா, களைப்பாக இருக்கிறாள் என்று அர்த்தம். பெனாட் என்ற சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஓடிப் பிடித்து விளையாடினால் வருவது அது. இவர்கள் எங்கே போய் ஓடிப் பிடித்து விளையாடினார்கள் என்றுதான் விளங்கவில்லை. பஸ் திரும்பி டவுனுக்குப் போனது, மறுபடி கிளேபாங்குக்கு வந்தது. மோட்டார்க்காரன் எங்குமே ஏறவில்லை. எனக்கு ஏமாற்றத்தில் அழுகை வந்தது.

அக்காதான் முதலில் விழித்தாள். தோளில் பாரமாக இருந்ததைத் திரும்பிப் பார்த்தாள், அம்மாவின் யூனிபார்மைப் பார்த்தாள், பிறகு எதிர் இருக்கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். முகம் வெளிறிவிட்டது. ஆனால் அசையவில்லை. உதட்டில் விரலை வைத்துப் பேசாதே என்று எனக்குச் சைகை காட்டினாள். அப்படியே நேராக உட்கார்ந்துகொண்டு அழுதாள். தோள் குலுங்கினால் அம்மா விழித்துவிடுவாள் என்று அடக்கி அடக்கி அழுதாள். அவளைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு மேட்டில் பஸ் குலுங்கியதில் அம்மா விழித்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இப்போதாவது ஏதாவது நடக்கும் என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பசியாறுனியா?” என்றாள் அம்மா.

“இல்லம்மா.”

கிளேபாங்கில் இறங்கினோம். தேங்காய் ஷேக் விற்கிற கடைகள் அப்போதுதான் திறந்துகொண்டிருந்தன. அம்மா தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் மூன்று பொட்டலம் வாங்கினாள். அக்காவுக்கு மட்டும் ஒரு ஷேக். காய்ச்சல்காரிக்கு ஐஸ் கிடையாது என்று எனக்கு வெந்நீர். அந்த அநியாயத்தை நான் இன்னும் மறக்கவில்லை. ஒரு மரத்தடி மேசையில் உட்கார்ந்தோம்.

“யாராச்சும் பையன் இருக்கானா? இப்பச் சொல்லிரு.”

“யாரும் இல்லம்மா. தூக்கம் வருது, அதான்.” அக்கா பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். “கிளாஸ்ல தூங்கி விழுந்தா எல்லாரும் சிரிக்கிறாங்க. டீச்சர் நிக்க வைக்கிறாங்க. நின்னுக்கிட்டே தூங்கிர்றேன். பஸ்ல யாரும் சிரிக்க மாட்டாங்க.”

அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். ராத்திரி வீட்டில் என்னதான் செய்கிறாய் என்று கேட்க வாயெடுத்த மாதிரி இருந்தது. அக்காவின் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். துணி சோப்பில் விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. அம்மா அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் சத்தியம் வாங்கினாள். சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் எல்லாம் தானாக நடந்தது. காலையில் என் உடுப்பு இஸ்திரி போட்டுத் தொங்கும். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற டப்பாவில் சோறு இருக்கும். இருட்டைக் கண்டு பயந்து நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் பக்கத்தில் அக்காவின் குரல் கேட்கும். நான் தூங்கிய பிறகு அக்கா மேசையில் உட்கார்ந்து படிப்பாள் போலிருக்கிறது. நான் எழும்போது அடுப்படியில் இருப்பாள். நடுவில் அவள் எப்போது படுத்தாள் என்பது என் கவலையாக இருந்ததில்லை.

அந்த நாளுக்குப் பிறகு சில விஷயங்கள் மாறின. மத்தியானம் நான் வீடு திரும்பும்போது அம்மா விழித்திருந்தாள். முன்பெல்லாம் நான்கு மணி வரை அவள் தூங்குவாள், நான் பூனை மாதிரி நடக்க வேண்டும். இப்போது அடுப்பில் குழம்பு கொதித்தது, துணி காய்ந்தது, என் மறுநாள் உடுப்பு அப்போதே இஸ்திரியாகித் தொங்கியது. அக்கா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அம்மா அவளைத் தொடவிடாமல் அறைக்குள் அனுப்பிக் கதவைச் சாத்தினாள். பூனை நடை இப்போது அக்காவுக்காக. அம்மாவுக்குத் தூக்கம் குறைந்துவிட்டது, வயசாகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளுக்கு அப்போது நாற்பதுகூட ஆகியிருக்கவில்லை.

ஆறரைக்குப் பாட்டு வரும். நின்றுகொண்டே பார்த்த அம்மா இப்போது யூனிபார்மோடும் கைப்பையோடும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மணி அடிப்பதைக் கேட்பாள். பந்துக்காரன் வருவதற்குள் கண் மூடியிருக்கும். அடுத்தது என்ன ஆகும் என்று ஒன்றுமே சொல்வதில்லை. மறுநாள் மிச்சக் கதையும் கேட்பதில்லை. எனக்குக் கோபமாக வந்தது. தொடர் சூடுபிடிக்கிற நேரத்தில் இவளுக்கு ஆசை விட்டுப்போய்விட்டதே என்று, வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டினேன். அக்கா அறையிலிருந்து வந்து சத்தத்தைக் குறைத்துவிட்டுப் போனாள்.

தேர்வு நெருங்கிய ஒரு நாள், தலைப்பு விழுந்த பிறகும் அம்மா எழவில்லை. முச்சந்தியில் கிலாங் பஸ் ஹார்ன் அடித்தது. நான் அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அம்மா, பாட்டு முடிஞ்சிருச்சு.”

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. “அந்தப் பொண்ணு உள்ள போயிட்டாளா?”

திறந்திருந்த அறைக்குள் அக்கா புத்தகத்தின் மேல் குனிந்து எதையோ முணுமுணுத்துப் படித்துக்கொண்டிருந்தாள். கீழே மறுபடியும் ஹார்ன் கேட்டது.

“போயிட்டா, போயிட்டா. நீ எந்திரிம்மா.”

அம்மா கண்ணை மூடியபடியே சிரித்தாள். பிறகு எழுந்து, காலால் துழாவிச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கிப் போனாள். டிவியில் கதை ஆரம்பித்திருந்தது. அந்தப் பெண் உள்ளே போனதாக எந்தப் பாட்டிலும் காட்டியதே இல்லை. இவ்வளவு நாள் பார்த்தும் அம்மாவுக்கு அது விளங்கவில்லையே என்று எனக்கு அவளை நினைத்துப் பாவமாக இருந்தது.